செப்புத் தடமும் இரைச்சலும்: சுவிட்ச் முறை மின்வழங்கிகளில் சுற்றுப்பலகை வடிவமைப்பின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கணினி, தொலைக்காட்சி, கைப்பேசி மின்னூட்டி என இன்றைய மின்னணுக் கருவிகள் பெரும்பாலானவற்றுக்கு ஆற்றல் தருவது சுவிட்ச் முறை மின்வழங்கியே. இதன் வரலாறு பொதுவாக டிரான்சிஸ்டர், தொகுப்புச் சுற்று, காப்புரிமை ஆகியவற்றின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. இம்மின்வழங்கி எழுப்பும் மின் இரைச்சலைக் கட்டுப்படுத்திய வரலாற்றை நோக்கினால் வேறொரு படிநிலை வளர்ச்சி புலப்படுகிறது. தொடக்கத்தில் உலோகப் பெட்டியாலும் வடிப்பானாலும் தடுக்கப்பட்ட இரைச்சல், பின்னர்ச் சுவிட்ச்சின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதாலும், இறுதியில் சுற்றுப்பலகையின் செப்புத் தட வடிவத்தாலும் குறைக்கப்பட்டது. 1970களிலிருந்து 2010கள் வரையிலான இம்மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. பலகை வெறும் இணைப்புச் சாதனம் என்ற நிலையிலிருந்து மின்சுற்றின் உறுப்பு என்ற நிலைக்கு உயர்ந்தது என்பதும், இவ்வுயர்வைத் தூண்டியவற்றுள் வானொலியைக் காக்க எழுந்த சட்டங்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: சுவிட்ச் முறை மின்வழங்கி, சுற்றுப்பலகை, மின்காந்தக் குறுக்கீடு, மின்னோட்ட வளையம், தரைத்தளம், தொழில்நுட்ப வரலாறு

முன்னுரை

2011ஆம் ஆண்டு வெளிவந்த வால்டர் ஐசக்சனின் ஸ்டீவ் ஜாப்ஸ் வாழ்க்கை வரலாற்றில், 1977இல் அறிமுகமான ஆப்பிள் 2 கணினிக்கு ராட் ஹோல்ட் வடிவமைத்த மின்வழங்கி ஒரு புரட்சியாகப் போற்றப்படுகிறது. பின்வந்த கணினிகள் யாவும் அவ்வடிவமைப்பையே எடுத்துக்கொண்டன என்பது அந்நூலில் ஜாப்ஸ் கூறும் கருத்து. ஹோல்ட்டின் வடிவமைப்புக்கு 1978 டிசம்பரில் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது உண்மையே. ஆயினும் சுவிட்ச் முறை அதற்கு முன்பே வழக்கில் இருந்தது. டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1970ஐ ஒட்டி வெளியிட்ட 7704 அலைவுநோக்கியிலேயே இவ்வகை மின்வழங்கி இடம்பெற்றிருந்தது. சுவிட்ச்சைக் கட்டுப்படுத்தும் பணிகளை ஒரே தொகுப்புச் சுற்றில் அடக்கிய எஸ்ஜி1524, ராபர்ட் மம்மானோவின் வடிவமைப்பில் 1976இல் சிலிக்கான் ஜெனரல் நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. எனவே ஒரு தனிமனிதரின் கண்டுபிடிப்பாக இத்தொழில்நுட்பத்தைக் காண்பது சான்றுகளுக்குப் பொருந்தவில்லை.

‘முதலில் செய்தவர் யார்’ என்ற வினாவோடு நின்றுவிட்டால் வரலாற்றின் முதன்மையான பகுதி ஒன்று விடுபட்டுப்போகும். சுவிட்ச் முறையை இயங்கச் செய்வது ஒரு சிக்கல். அண்டையில் உள்ள வானொலிப்பெட்டியைக் கெடுக்காமல் இயங்கச் செய்வது மற்றொரு சிக்கல். முதலாவது 1970களிலேயே பெருமளவு தீர்ந்துவிட்டது. இரண்டாவதைத் தீர்க்க மேலும் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன. அத்தீர்வின் பெரும்பகுதி காப்புரிமை ஆவணங்களில் இல்லை. பலகைகளின் செப்புத் தடங்களில் உள்ளது. சுற்றுப்பலகையின் வடிவமும் மின்வழங்கியின் வரலாற்றுக்குச் சான்றாதாரமாகும் என்ற கருதுகோளின் அடிப்படையில் இவ்வாய்வு அமைகிறது.

1. இரைச்சல் பிறக்கும் இடம்

பழைய நேரியல் மின்வழங்கியில் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கும் கனத்த மின்மாற்றி மின்னழுத்தத்தைக் குறைக்கும். தேவைக்கு மிஞ்சியதை ஒரு டிரான்சிஸ்டர் வெப்பமாக வெளியேற்றும். உள்ளே வரும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி இவ்வாறு வீணாவது இயல்பு. ஆனால் அது அமைதியான கருவி. சுவிட்ச் முறையில் டிரான்சிஸ்டர் முழுமையாகக் கடத்தும் நிலையிலோ முழுமையாகக் கடத்தா நிலையிலோ மட்டுமே இருக்கும்; இரு நிலைகளுக்கிடையே வினாடிக்குப் பல்லாயிரம் முறை மாறும். இதனால் வெப்ப இழப்புக் குறைகிறது. அதிர்வெண் உயர்வதால் மின்மாற்றியும் சிறுத்துவிடுகிறது.

தொடக்ககால வடிவமைப்பாளர்கள் 20 கிலோ ஹெர்ட்ஸையும் அதற்குச் சற்று மேற்பட்ட அதிர்வெண்களையும் விரும்பினர். அதற்குக் கீழே மின்மாற்றியின் ரீங்காரம் மனிதக் காதுக்குக் கேட்கும் என்பதே காரணம். ஆயின், காதுக்குக் கேளாத அம்மின்வழங்கி வானொலிக்குக் கேட்டது. சதுர வடிவில் ஏறி இறங்கும் மின்னழுத்தத்தில் அடிப்படை அதிர்வெண் மட்டுமன்றி அதன் மேற்சுரங்களும் அடங்கியுள்ளன. ஏற்றமும் இறக்கமும் எவ்வளவு விரைவாக நிகழ்கின்றனவோ அவ்வளவு உயர் அதிர்வெண் வரை மேற்சுரங்கள் வலுவுடன் நீளும்.

இவ்விரைச்சல் வெளியேறும் வழிகள் இரண்டு. மின்கம்பி வழியாக மின்னோட்டமாகச் செல்வது ஒன்று. மின்காந்த அலையாகப் பரவுவது மற்றொன்று. இரண்டாவதற்கு அடிப்படையானது மின்னோட்ட வளையம். புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வரும் எந்த மின்னோட்டமும் ஒரு பரப்பைச் சூழ்ந்து நிற்கிறது. அவ்வளையம் சிறியதாக இருக்கும்போது, தொலைவில் அது உண்டாக்கும் புலம் மின்னோட்டத்துக்கும் வளையத்தின் பரப்புக்கும் அதிர்வெண்ணின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் அமையும். இம்மூன்றில் மின்னோட்டத்தைப் பயன்பாடு தீர்மானிக்கிறது. அதிர்வெண்ணைச் சுவிட்ச்சின் வேகம் தீர்மானிக்கிறது. பரப்பைத் தீர்மானிப்பது பலகையை வரைபவரின் கை.

2. பெட்டியும் வடிப்பானும்

1970களின் வடிவமைப்புகளில் பரப்பு என்னும் இக்காரணி பெரிதும் கருதப்படவில்லை. இரைச்சல் பிறப்பதைத் தவிர்ப்பதைவிட, பிறந்ததை வெளியே விடாமல் தடுப்பதே அக்கால அணுகுமுறை. ஆப்பிள் 2 கணினியின் மின்வழங்கி உலோகப் பெட்டிக்குள் அடைக்கப்பட்டிருந்தது. 1979இல் வெளிவந்த அட்டாரி 800 கணினியின் மின்சுற்றுகளைத் தடித்த வார்ப்பு அலுமினியக் கவசம் மூடியிருந்தது. மின்வழங்கிகளின் வாயிலில் தூண்டியும் மின்தேக்கியும் சேர்ந்த வடிப்பான்கள் பொருத்தப்பட்டன.

இவ்வணுகுமுறையின் எல்லையை 1976இலேயே ஆர். டி. மிடில்புரூக் தெளிவாகக் காட்டினார். கலிஃபோர்னியா தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த அவர், சுவிட்ச் முறைச் சீராக்கியின் முன்னால் சேர்க்கப்படும் வடிப்பான் அச்சீராக்கியையே நிலைகுலையச் செய்யக்கூடும் என்று நிறுவினார். சீராக்கி தன் வெளியீட்டு ஆற்றலை மாறாமல் வைத்திருப்பதால், உள்ளீட்டு மின்னழுத்தம் குறைந்தால் அது கூடுதலான மின்னோட்டத்தை இழுக்கும். அதாவது எதிர்மறை மின்தடைபோல் நடந்துகொள்ளும். வடிப்பானும் இவ்வெதிர்மறைத் தடையும் பொருந்தாமல் அமைந்தால் அலைவு தோன்றும். தடுப்பு என்று சேர்த்ததே கேடாக முடியலாம் என்பது இதன் பொருள்.

உலோகப் பெட்டியும் முழுமையான தீர்வாகவில்லை. அக்காலத்தில் சுவிட்ச்சாகப் பயன்பட்ட டிரான்சிஸ்டரின் உலோக உறை, மெல்லிய மைக்கா தகட்டினால் காப்பிடப்பட்டு வெப்பம் கடத்தும் உலோகப் பகுதியில் பொருத்தப்படும். உறை, மைக்கா, உலோகம் ஆகிய மூன்றும் சேர்ந்து தாமே ஒரு மின்தேக்கியாகிவிடும். அதன் மின்தேக்குத்திறனை 100 பிக்கோ ஃபாரடு எனக் கொள்வோம். 300 வோல்ட் அளவிலான மாற்றம் 100 நானோ வினாடியில் நிகழுமானால், அம்மைக்காவின் ஊடாக 0.3 ஆம்பியர் மின்னோட்டம் பெட்டிக்குள் பாயும். மின்சுற்று வரைபடத்தில் இம்மின்தேக்கி இடம்பெறுவதில்லை. வரைபடத்தில் இல்லாத உறுப்பே இரைச்சலுக்கு வழியாயிற்று. இச்செய்தி பலகைக்கும் பொருந்தும் என்பதைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

3. சட்டம் வகுத்த எல்லைகள்

வானொலி ஒலிபரப்பைக் குறுக்கீட்டிலிருந்து காப்பதற்கென ‘சிஸ்பர்’ எனப்படும் பன்னாட்டுச் சிறப்புக் குழு 1934இல் பாரிஸில் கூடியது. ஆனால் கணினிகளைக் கருத்தில் கொண்ட கடுமையான விதிகள் 1970களின் இறுதியில்தான் வந்தன. அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 1979இல் இலக்கமுறைக் கருவிகளுக்கான குறுக்கீட்டு வரம்புகளை வகுத்தது. வீடுகளில் பயன்படும் கருவி, மின்கம்பி வழியே 450 கிலோ ஹெர்ட்ஸ் முதல் 30 மெகா ஹெர்ட்ஸ் வரை 250 மைக்ரோ வோல்ட்டுக்கு மேல் இரைச்சலை வெளியிடலாகாது என்பது அவற்றுள் ஒன்று. அருகிலுள்ள வானொலிப்பெட்டியில் தெளிவாகக் கேட்கும் அளவுக்குக் குறுக்கீடு செய்த டிஆர்எஸ்-80 மாடல் 1 கணினி, புதிய விதிகளை நிறைவுசெய்ய இயலாமல் 1981இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. இரைச்சல் அதுவரை பொறியியல் குறையாக மட்டுமே இருந்தது; இப்போது விற்பனையையே நிறுத்தக்கூடிய தடையாயிற்று.

வரம்பு தொடங்கும் அதிர்வெண் நாட்டுக்கு நாடு வேறுபட்டது. மேற்கு ஜெர்மனியின் விடிஇ 0871 தரநிலை 10 கிலோ ஹெர்ட்ஸிலேயே தொடங்கியது. 1985இல் வெளிவந்த சிஸ்பர் 22 தரநிலை 150 கிலோ ஹெர்ட்ஸில் தொடங்கியது. அமெரிக்காவும் 2002இல் இவ்வெல்லையை ஏற்றுக்கொண்டது. ஐரோப்பியச் சமூகம் 1989இல் பிறப்பித்த மின்காந்தப் பொருந்துமைக் கட்டளை, இடைக்கால அவகாசத்துக்குப்பின் 1996 சனவரி 1 முதல் கட்டாயமாயிற்று.

இவ்வெல்லைகள் வடிவமைப்பில் நேரடித் தடம் பதித்துள்ளன. சுவர் மின்சாரத்தில் இயங்கும் மின்வழங்கிகள் பலவற்றின் சுவிட்ச் அதிர்வெண் 65 கிலோ ஹெர்ட்ஸாக இருப்பதைக் காணலாம். அதன் இரண்டாம் சுரம் 130 கிலோ ஹெர்ட்ஸ். அதுவும் 150 கிலோ ஹெர்ட்ஸுக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. வாகனங்களுக்கான மின்வழங்கிகள் பல 2 மெகா ஹெர்ட்ஸை ஒட்டி இயங்குவதற்கும் இதையொத்த காரணம் உண்டு. மத்திய அலை வானொலிப் பட்டை ஏறத்தாழ 1.7 மெகா ஹெர்ட்ஸில் முடிவடைகிறது. அதற்கு மேலே அடிப்படை அதிர்வெண்ணை வைத்துவிட்டால் வாகனத்தின் வானொலி தப்பிக்கும். மின்வழங்கியின் இயக்க அதிர்வெண் பொறியியல் கணக்கால் மட்டும் அமைந்ததன்று. வானொலி நேயருக்காக எழுதப்பட்ட சட்டமும் அதனுள் பொதிந்துள்ளது என்பது இதனால் பெறப்படும்.

4. வரைபடத்துக்கும் பலகைக்கும் இடையில்

அச்சிட்ட மின்சுற்றுப் பலகையின் முன்னோடியான பால் ஐஸ்லர் 1936இல் அச்சிட்ட சுற்றுடன் கூடிய வானொலி ஒன்றை உருவாக்கினார். 1943இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கையால் கம்பிகளைப் பற்றவைக்கும் வேலையை நீக்குவதே பலகையின் தொடக்க நோக்கம். எனவே அது கம்பிக்கு மாற்றாகவே கருதப்பட்டது. 1970களிலும் இந்நிலை நீடித்தது. பொறியாளர் மின்சுற்று வரைபடத்தைத் தருவார். பலகை வரைவாளர், ஒளி ஊடுருவும் படலத்தின்மேல் கறுப்பு நாடாக்களை இருமடங்கு அல்லது நான்மடங்கு அளவில் ஒட்டித் தடங்களை அமைப்பார். அது ஒளிப்படமாகச் சுருக்கப்பட்டுப் பலகைக்கு மாற்றப்படும்.

இவ்வேலைப் பிரிவினையில் ஓர் இடைவெளி இருந்தது. வரைபடத்தில் உள்ள கோட்டுக்கு நீளமில்லை, அகலமில்லை, பரப்புமில்லை. இரு புள்ளிகள் இணைக்கப்பட்டுள்ளன என்பதை மட்டுமே அது சொல்லும். பலகையிலோ ஒவ்வொரு சென்டிமீட்டர் மெல்லிய தடத்துக்கும், அருகில் தரைத்தளம் இல்லாத நிலையில், ஏறத்தாழ 10 நானோ ஹென்றி மின்தூண்டல் உண்டு. இவ்விடைவெளி நெடுங்காலம் பெருந்தொல்லையாகாமல் இருந்ததற்கும் காரணம் உண்டு. ஒரு டிரான்சிஸ்டர் 5 ஆம்பியரை 500 நானோ வினாடியில் நிறுத்துவதாகக் கொண்டால், அந்த ஒரு சென்டிமீட்டரில் தோன்றும் மின்னழுத்தம் 0.1 வோல்ட் மட்டுமே. 1970களின் இறுதியில் திறன் மாஸ்ஃபெட்டுகள் சந்தைக்கு வந்தபின் இதே மாற்றத்தை மிகக் குறுகிய நேரத்தில் நிகழ்த்த முடிந்தது. 10 நானோ வினாடியில் நிகழுமானால் அதே தடத்தில் 5 வோல்ட் தோன்றும். பலகை மாறவில்லை, வரைபடமும் மாறவில்லை, இரைச்சல் மட்டும் ஐம்பது மடங்காயிற்று. சுவிட்ச் விரைவுற்றபோதுதான் செப்புத் தடம் உறுப்பாயிற்று எனலாம்.

எத்தடம் முதன்மையானது என்ற வினா இதையடுத்து எழுந்தது. மின்னழுத்தத்தைக் குறைக்கும் சுவிட்ச் முறைச் சீராக்கியில் மிகுதியான மின்னோட்டம் எப்போதும் பாய்வது தூண்டியில். ஆயினும் அம்மின்னோட்டம் மெதுவாகவே ஏறி இறங்குகிறது. திடீரெனத் தோன்றி மறையும் மின்னோட்டம், உள்ளீட்டு மின்தேக்கியையும் இரு சுவிட்ச்சுகளையும் இணைக்கும் சிறு வளையத்தில் மட்டுமே உண்டு. மின்னழுத்தத்தை உயர்த்தும் சீராக்கியில் இவ்வளையம் வெளியீட்டுப் பக்கத்துக்கு இடம்பெயர்கிறது. பொறியாளர் வழக்கில் இது ‘சூடான வளையம்’ எனப் பெயர்பெற்றது. பலகையில் முதலில் இடம்பெற வேண்டியவை இவ்வளையத்தின் உறுப்புகளே. பிறவற்றை எஞ்சிய இடத்தில் அமைக்கலாம் என்ற வரிசைமுறை இவ்வாறு உருவாயிற்று. மின்னோட்டத்தின் அளவைவிட அதன் மாற்றமே கருதத்தக்கது என்ற தெளிவு இதன் அடிப்படை.

தரைத்தளம் பற்றிய கருத்தும் இவ்வாறே மாறியது. பலகையின் ஓர் அடுக்கு முழுவதையும் செப்பால் நிரப்பி, அதைத் திரும்பு வழியாகப் பயன்படுத்துவது தரைத்தளம். தாழ் அதிர்வெண்ணில் திரும்பும் மின்னோட்டம் மின்தடை குறைந்த வழியை நாடிப் பரந்து செல்லும். உயர் அதிர்வெண்ணில் மின்தூண்டல் குறைந்த வழியை நாடிச் செல்லும் தடத்துக்கு நேர் கீழே ஒடுங்கிப் பாயும். ஆகவே தளத்தில் பிளவு இருந்தால் மின்னோட்டம் அதைச் சுற்றிச் செல்ல நேர்ந்து வளையம் பெரிதாகும். இரைச்சல் மிக்க பகுதியின் தரையையும் அமைதியான பகுதியின் தரையையும் பிளந்து வைக்க வேண்டும் என்ற அறிவுரை நெடுங்காலம் வழங்கிவந்தது. 1976இல் இரைச்சல் குறைப்பு நுட்பங்கள் குறித்த நூலை எழுதிய ஹென்றி ஆட், 2001இல் கலப்புக் குறிகைப் பலகைகள் பற்றிய கட்டுரையில், தளத்தைப் பிளக்காமல் உறுப்புகளை மட்டும் பகுதி பிரித்து அமைப்பதே பொதுவாகச் சிறந்தது என்று வாதிட்டார்.

அடுக்குகளின் இடைவெளியும் கருதத்தக்கது. இருபக்கப் பலகையில் தடத்துக்கும் எதிர்ப்பக்கத் தளத்துக்கும் இடையே 1.6 மில்லிமீட்டர் தொலைவு இருப்பது வழக்கம். நான்கு அடுக்குப் பலகையில் மேலடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் இடைவெளியை 0.2 மில்லிமீட்டராக அமைக்கலாம். தடத்தின் நீளம் மாறாதபோதும் வளையத்தின் பரப்பு எட்டில் ஒன்றாகிவிடும். ஆனால் அடுக்குகள் கூடினால் விலையும் கூடும். ஆகவே மலிவான நுகர்பொருள் மின்வழங்கிகள் ஒருபக்கப் பலகையிலேயே தொடர்ந்தன. அங்கு வடிப்பானின் இடம் குறையவில்லை. புதிய அறிவு தோன்றியதும் பழைய முறை மறைந்துவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

5. வேகத்தைக் கட்டுப்படுத்துதல்

வளையத்தைச் சுருக்குவதைப் போலவே, சுவிட்ச்சின் வேகத்தை வேண்டுமென்றே குறைப்பதும் ஒரு வழி. இதற்குச் சிறந்த சான்று, லீனியர் டெக்னாலஜி நிறுவனத்தின் ஜிம் வில்லியம்ஸ் 1997இல் வெளியிட்ட 70ஆம் எண் பயன்பாட்டுக் குறிப்பு. எல்டி1533 என்னும் தொகுப்புச் சுற்றைக்கொண்டு வெளியீட்டு இரைச்சலை 100 மைக்ரோ வோல்ட் அளவுக்குக் குறைக்க முடியும் என்பதை அது விளக்கியது. சுவிட்ச்சின் மின்னழுத்தமும் மின்னோட்டமும் மாறும் வேகத்தைத் தனித்தனியே கட்டுப்படுத்துவது அச்சுற்றின் சிறப்பு. மெதுவாக மாறும்போது உயர் மேற்சுரங்கள் தளர்கின்றன. மாறும் இடைப்பொழுதில் ஆற்றல் வீணாவதால் செயல்திறன் ஓரளவு குறைகிறது. அமைதிக்குக் கொடுக்கும் விலை அது.

அக்குறிப்பின் வரலாற்று மதிப்பு மற்றொரு வகையிலும் உண்டு. அளவீட்டு முறைக்கும் இணைப்பு முறைக்கும் அது விரிவான இடம் ஒதுக்கியது. அலைவுநோக்கியின் முனையோடு வரும் 10 சென்டிமீட்டர் தரைக்கம்பியே ஒரு வளையமாகி இரைச்சலை ஏற்றுக்கொள்ளும். அத்தகைய கம்பியால் 100 மைக்ரோ வோல்ட்டை அளக்க முயன்றால், அளக்கப்படுவது மின்வழங்கியின் இரைச்சல் ஆகாது; அளப்பவர் அமைத்த வளையத்தின் இரைச்சலாகவே இருக்கும். எனவே ஓரச்சு வடத்தை நேரடியாகப் பலகையில் இணைக்க வேண்டும். பலகைக்குரிய வடிவ ஒழுங்கு அளவுக்கருவிக்கும் உரியது என்ற புரிதல் இதில் வெளிப்படுகிறது.

6. வடிவமே தீர்வாதல்

வேகத்தைக் குறைக்கும் வழி எல்லா இடத்துக்கும் பொருந்தவில்லை. கருவிகள் சிறுக்கச் சிறுக்க அதிர்வெண்ணை உயர்த்த வேண்டியிருந்தது. அதிர்வெண் உயர்ந்தபோது மெதுவான சுவிட்ச்சினால் நேரும் இழப்பைத் தாங்க இயலவில்லை. வேகத்தை விட்டுக்கொடுக்காமல் இரைச்சலைக் குறைக்க எஞ்சியது வடிவம் மட்டுமே.

2010களில் லீனியர் டெக்னாலஜி ‘சைலன்ட் ஸ்விட்ச்சர்’ என்ற பெயரில் வெளியிட்ட சீராக்கிகள் இவ்வழியைப் பின்பற்றின. எல்டி8614 சுற்றில் உள்ளீட்டு முனைகள் இருபுறமும் சமச்சீராக அமைந்துள்ளன. ஒவ்வொரு புறத்திலும் ஒரு மின்தேக்கி வைக்கப்படும்போது, ஒரே சூடான வளையம் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரு வளையங்களாகப் பிரிகிறது. அவற்றின் காந்தப்புலங்கள் தொலைவில் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்கின்றன. இதில் புதிய மின்சுற்றுக் கோட்பாடு எதுவுமில்லை. மின்சுற்று வரைபடத்தில் இரு மின்தேக்கிகளும் ஒன்றுக்கொன்று இணையாகவே தோன்றும். வேறுபாடு பலகையில் அவை அமரும் இடத்தில் உள்ளது. அடுத்த தலைமுறையில் அம்மின்தேக்கிகள் தொகுப்புச் சுற்றின் உறைக்குள்ளேயே வைக்கப்பட்டன. பலகையை வரைபவர் பிழை செய்யும் வாய்ப்பு இதனால் குறைந்தது. அவருடைய அறிவின் ஒரு பகுதி உறைக்குள் சென்றுவிட்டது என்றும் இதனைக் கொள்ளலாம்.

காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர்களின் வரவு இதே பாடத்தை மேலும் வலியுறுத்தியது. சில நானோ வினாடிகளில் நிலைமாறும் அவற்றுக்கு, வளையத்தின் மின்தூண்டல் 1 நானோ ஹென்றி என்றாலும் மிகுதியே. டேவிட் ரியூஷும் அவருடன் பணியாற்றியோரும் 2010களின் முற்பகுதியில், உள்ளீட்டு மின்தேக்கியையும் இரு டிரான்சிஸ்டர்களையும் மேலடுக்கில் வரிசையாக வைத்து, அதற்கு நேர் கீழேயுள்ள முதல் உள்ளடுக்கு வழியே மின்னோட்டத்தைத் திருப்பும் அமைப்பை ஆராய்ந்தனர். இதனால் வளையத்தின் மின்தூண்டலை 0.5 நானோ ஹென்றிக்கும் கீழே கொண்டுவர முடிந்தது. பலகையின் உள்ளடுக்கு இடைவெளி டிரான்சிஸ்டரின் செயல்திறனையே தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்றாயிற்று.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, இரைச்சல் குறைந்த சுவிட்ச் முறை மின்வழங்கி தனி ஒருவரின் கண்டுபிடிப்பன்று. கட்டுப்பாட்டுச் சுற்று, மாஸ்ஃபெட், பல அடுக்குப் பலகை ஆகியவை ஒன்றையொன்று தூண்டிய நெடிய வளர்ச்சியின் விளைவு. இரண்டாவதாக, அவ்வளர்ச்சியின் திசையைத் தொழிற்போட்டி மட்டும் வகுக்கவில்லை. 1979 முதல் 1996 வரை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எழுந்த குறுக்கீட்டு விதிகள் இரைச்சலைப் புறக்கணிக்க இயலாததாக்கின. மூன்றாவதாக, இரைச்சலைத் தடுக்கும் இடம் பெட்டியிலிருந்து வடிப்பானுக்கும், வடிப்பானிலிருந்து சுவிட்ச்சின் வேகத்துக்கும், அங்கிருந்து செப்புத் தடத்தின் வடிவத்துக்கும் படிப்படியாக உள்நோக்கி நகர்ந்தது. பழைய முறைகள் மறையவில்லை. அவற்றின் சுமை குறைந்தது.

இம்மூன்றாவது முடிபு வரலாற்று ஆய்வு முறைக்கும் ஒரு செய்தியைத் தருகிறது. காப்புரிமைகளையும் மின்சுற்று வரைபடங்களையும் மட்டும் சான்றாகக் கொள்ளும் வரலாறு, வரைபடத்தில் தோன்றாத அறிவைத் தவறவிடும். அவ்வறிவுக்குரிய பலகை வரைவாளர்களின் பெயர்கள் பெரும்பாலும் எந்த ஆவணத்திலும் இல்லை. ஆனால் பல பலகைகளின் ஓரத்தில் பதிப்பு எண் அச்சிடப்பட்டுள்ளது. ஒரே மின்சுற்றுக்கு அடுத்தடுத்து வெளிவந்த பதிப்புகளை ஒப்புநோக்கினால், ஒரு மின்தேக்கி சில மில்லிமீட்டர் நகர்ந்ததையும், தரைத்தளத்தின் பிளவு ஒன்று மூடப்பட்டதையும் காணலாம். அம்மாற்றங்களே அப்பெயரறியாதோர் விட்டுச்சென்ற எழுத்துகள். மின்னணுக் கழிவாகக் குவியும் பழைய பலகைகளைத் தொகுத்துப் பாதுகாத்து, அவற்றை ஆவணமாகப் படிக்கும் முயற்சி இத்துறையின் அடுத்த பணியாக அமைய வேண்டும்.